ஓட்டுப் போடாதவர் குரலும் அவர் காதில் விழட்டும்

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மக்கள் சேவை மையத் தொண்டர்கள் கூட்டத்தில் அறக்கட்டளை நிர்வாகிகள் சார்பில் ஆற்றிய உரை)





வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவித்தொகை, மருத்துவ உதவி, ரமலான் மளிகைப் பை என்று வரவு செலவு பேசிவிட்டுக் கலைவோம். இன்று வேறு விஷயம். சட்டமன்றத் தேர்தல் வருகிறது. கடைவீதியில் நம்மைப் பார்க்கிறவர்கள், "பாய், இந்தத் தடவை உங்க டிரஸ்ட் யார் பக்கம்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இன்ன கட்சிக்கு ஆதரவு என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்று நம் உறுப்பினர்களிலேயே சிலர் வற்புறுத்துகிறார்கள்.

அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் இன்னொன்றைப் பேசியாக வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த மறுநாளிலிருந்து ஐந்து வருஷம், ஜெயித்தவரிடம் நம் பகுதி மக்களின் குறைகளை நாம் எப்படிக் கொண்டு போகிறோம்? யாருடைய குறையைக் கொண்டு போகிறோம், யாருடையதை விட்டுவிடுகிறோம்?

முதலில் நம் தவறு

சில வருஷங்களுக்கு முன், குடிநீர்ப் பிரச்சினைக்காக ஒரு கவுன்சிலரைப் பார்க்கப் போனோம். எந்த வார்டு என்பது இங்கே முக்கியமில்லை. மனுவில் நாற்பதுக்கும் மேல் கையெழுத்து. அத்தனையும் நம் தெருக்காரர்களுடையது. போன பன்னிரண்டு பேரும் ஆண்கள். அதில் பாதிப் பேர் தேர்தலில் அவருக்காக வேலை பார்த்தவர்கள். அவர் மரியாதையாக உட்கார வைத்தார், டீ வாங்கிக் கொடுத்தார், "பாத்துக்கலாம் பாய்" என்றார். நாமும் சால்வை போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினோம். தண்ணீர் மட்டும் பழையபடியே வந்தது.

பிறகு விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. நம் தெருவுக்கும் அடுத்த இரண்டு தெருக்களுக்கும் ஒரே வால்வு. நமக்கு நேரத்தைக் கூட்டினால் அவர்களுக்குக் குறையும். அந்தத் தெருக்காரர்களும் தனியாக ஒரு மனு கொடுத்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வேறு கட்சிக்காரர்கள். ஆக, நம் மனு ஒரு கட்சியின் மனுவாகவும், அவர்கள் மனு இன்னொரு கட்சியின் மனுவாகவும் அவர் மேஜையில் கிடந்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் இது வால்வுப் பிரச்சினை என்று தெரியும். சேர்த்துப் பார்க்கும்படி நாம் கொடுக்கவில்லை.

அடுத்த தெருவில் பேண்டேஜ் துணி வேலைக்குப் போகும் ஓர் அக்காவிடம், "எங்களோட நீங்களும் வந்திருக்கலாமே" என்று கேட்டோம். "நீங்க போனா உக்காரச் சொல்லுவாரு பாய். நாங்க போனா எந்தக் கட்சின்னுதான மொதல்ல பாப்பாங்க" என்றார். அவர் ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை. போனாலும் பயனில்லை என்று அவரே முடிவு செய்துவிட்டார். அந்தக் கவுன்சிலருக்கோ இப்படி ஒருவர் தம் வார்டில் இருப்பதே தெரியாது. இருவருக்கும் நடுவில் இருந்த நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதுதான் கேள்வி.

அடுத்த முறை மூன்று தெருக்காரர்களும் சேர்ந்து போனோம். மூன்று கட்சிக்காரர்கள், எந்தக் கட்சியும் வேண்டாம் என்பவர்கள், ஐந்து பெண்கள். எந்தத் தெருவில் எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் தண்ணீர் வந்தது என்று ஒரு மாதம் குறித்து வைத்த நோட்டும் கையில் இருந்தது. சால்வை இல்லை. கவுன்சிலர் அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து கேட்டார். "இத மொதல்லயே இப்படிக் கொண்டு வந்திருக்கலாமே" என்றார். தெருவுக்கு ஒரு முறை வைத்து வால்வு திறக்க ஏற்பாடானது. தண்ணீர் ஒன்றும் கூடிவிடவில்லை. எந்தத் தெருவுக்கு என்றைக்கு வரும் என்பது தெரிந்தது, அவ்வளவுதான். வேலைக்குப் போகிற பெண்களுக்கு அதுவே பெரிய உதவி.

ஜெயித்தவர் காதில் விழுவது யார் குரல்?

மக்கள் பிரதிநிதிகளைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அவர்கள் இடத்தில் இருந்தும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். காலையில் வீட்டு வாசலில் நிற்பவர்கள் கட்சிக்காரர்கள். விழாவுக்கு அழைப்பவர்கள் வசதியானவர்கள். காரில் கூட வருபவர்கள் காண்டிராக்டர்களும் நிர்வாகிகளும். எதிர்த்து ஓட்டுப் போட்டவர் வாசலுக்கு வருவதில்லை. நாள் முழுவதும் நூறு பேரைப் பார்த்தாலும், அவர் கேட்பது ஒரே பக்கத்துப் பேச்சாக இருக்கும். அவருக்கே அது தெரியாமலும் இருக்கும்.

நம் இரண்டு ஊர்களையே எடுத்துக்கொள்வோம். 2021 தேர்தலில் ராஜபாளையம் தி.மு.க.வின் தங்கப்பாண்டியனைத் தேர்ந்தெடுத்தது. பஸ்ஸில் அரை மணி நேரத் தொலைவில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் அ.தி.மு.க.வின் மான்ராஜைத் தேர்ந்தெடுத்தது. ஒருவர் ஆளுங்கட்சி, மற்றவர் எதிர்க்கட்சி. ஆனால் இரண்டு தொகுதியிலும் ஒரு விஷயம் பொது. ஜெயித்தவர் வாங்கிய ஓட்டைவிட, மற்ற வேட்பாளர்கள் எல்லோரும் சேர்ந்து வாங்கிய ஓட்டு அதிகம். ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அவரைத் தேர்ந்தெடுக்காதவர்கள். அவர்களுக்கும் அவர்தான் எம்.எல்.ஏ. அவர்கள் வீட்டுக்கும் அதே சாக்கடை, அதே ரேஷன் கடை, அதே அரசு ஆஸ்பத்திரி.

இன்னும் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் 2006-லும் 2011-லும் ஜெயித்தது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி. 2016-லும் 2021-லும் அ.தி.மு.க. ராஜபாளையத்தில் 2011-ல் அ.தி.மு.க.; அடுத்த இரண்டு முறையும் தி.மு.க. நம் இரண்டு தொகுதிகளும் சேர்ந்துள்ள தென்காசி நாடாளுமன்றத் தொகுதியில் 2009-ல் இந்தியக் கம்யூனிஸ்ட், 2014-ல் அ.தி.மு.க., 2019-லும் 2024-லும் தி.மு.க. நம் டிரஸ்ட் ஒரு கட்சியின் டிரஸ்ட் என்று பெயர் வாங்கியிருந்தால், இத்தனை வருஷத்தில் எத்தனை முறை நம் வீட்டுப் பிள்ளைகளின் மனு வாசலிலேயே நின்றிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ராஜபாளையத்துப் பி.எஸ். குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். பதவியில் இருந்தபடியே 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்று தோற்றார். முதலமைச்சரையே தோற்கடித்த ஊர் இது. ஆனால் தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர் என்று அவரை இன்றும் எல்லாக் கட்சிக்காரர்களும்தான் சொல்கிறார்கள். ஜெயிப்பதும் தோற்பதும் கட்சிக்கு. ஊர் எல்லோருக்கும் பொது.

நாம் தவறவிட்ட பத்து

2022 ஆகஸ்ட் மாதம் முதலமைச்சர் 234 சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். எந்தக் கட்சி என்று பார்க்காமல், ஒவ்வொருவரும் தம் தொகுதியில் நீண்ட நாளாக நிறைவேறாத முக்கியமான பத்துக் கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியரிடம் பதினைந்து நாளுக்குள் கொடுக்கும்படி கேட்டார். 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' என்ற திட்டத்தில் வந்த ஏற்பாடு அது.

எதிர்க்கட்சித் தொகுதிக்கும் அதே பத்து, ஆளுங்கட்சித் தொகுதிக்கும் அதே பத்து. நல்ல வாய்ப்பு. அந்தப் பதினைந்து நாளில் நம் சேவை மையம் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. பேப்பரில் படித்தோம், டீக்கடையில் பேசினோம். எந்தப் பத்து என்று நம்மிடம் யாரும் வந்து கேட்கவில்லை என்று குறைபட்டுக்கொண்டோம். நாமும் போய்ச் சொல்லவில்லை. மலையடிவாரத் தோப்புக்காரர்களையும் சத்திரப்பட்டித் தறிக்காரர்களையும் மில் ஷிப்டுக்குப் போகும் பெண்களையும் கேட்டு, ஆளுக்கொன்றாக எழுதி இரண்டு எம்.எல்.ஏ.க்களிடமும் கொடுத்திருக்கலாம். ஆறு மாதம் முன்னதாகவே தெருத்தெருவாகக் கேட்டு வைத்திருந்தால் பதினைந்து நாள் போதும். கேட்டு வைக்கவில்லை. இது நம் கணக்கில் எழுத வேண்டிய நஷ்டம்.

யாரிடம் எதைச் சொல்வது?

தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, குழாய் என்றால் கவுன்சிலர். ராஜபாளையம் நகராட்சிக்கு 42 வார்டு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 33 வார்டு. இந்த வார்டுகளைப் பகுதிகளாகப் பிரித்து, கிராம சபை மாதிரி நகரத்திலும் பகுதி சபை கூட்டும் முறை 2022 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதற்குப் போயிருக்கிறோம்?

பள்ளிக்கூடக் கட்டடம், அரசு ஆஸ்பத்திரி, பஸ் வசதி என்றால் எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்க்கான வேலைகளை அவர் பரிந்துரைக்கலாம். ரயில், தேசிய நெடுஞ்சாலை என்றால் எம்.பி. அவருக்கு ஆண்டுக்கு 5 கோடி. நம் எம்.பி.யின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் நான்கு தென்காசி மாவட்டத்தில் இருக்கின்றன. நாம் இரண்டு தொகுதி மட்டும் விருதுநகர் மாவட்டம். நம் ஆட்சியர் விருதுநகரில், நம் எம்.பி. தொகுதியின் பெயர் தென்காசி. நாமாகப் போய்ச் சொல்லாவிட்டால் இரண்டு பக்கமும் நம் குரல் எட்டாமல் போகலாம்.

கிராமங்களின் நிலையையும் நினைவில் வைக்க வேண்டும். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது. அதன் பிறகு நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தேர்ந்தெடுத்த தலைவரைப் போய்ப் பார்க்கும் வழி அங்கே அப்போது இல்லாமல் போனது. ஆகவே கிராமத்துக்காரர்களின் மனு நம் மையத்துக்கு வந்தால், "இது டவுனுக்கு மட்டும்" என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

வெளியூரில் செய்து பார்த்தது

அமெரிக்காவில் 2006-ல் ஆராய்ச்சியாளர்கள் சிலர் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு பெரிய கட்சிகளையும் சேர்ந்த பன்னிரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்களை, அவரவர் தொகுதி மக்களோடு இணையம் வழியாகப் பேச வைத்தார்கள். யார் பேசுவது என்பதைக் கட்சி அலுவலகம் முடிவு செய்யவில்லை. எல்லாத் தரப்பு மக்களிலிருந்தும் ஆட்களை எடுத்தார்கள். பேச வேண்டிய விஷயம் பற்றிப் பக்கச் சார்பில்லாத குறிப்பு ஒன்றை முன்கூட்டியே படிக்கக் கொடுத்தார்கள். எந்தக் கட்சியையும் சாராதவர் கூட்டத்தை நடத்தினார்.

அந்த ஆராய்ச்சியில் நமக்கு முக்கியமான ஒரு செய்தி இருக்கிறது. இப்படிப்பட்ட கூட்டத்துக்கு வர விரும்பியவர்கள் வழக்கமாக மேடைக்கு முன்னால் உட்காருகிறவர்கள் மட்டுமல்ல. கட்சிச் சண்டையில் வெறுத்துப்போய் ஒதுங்கியவர்கள், வயதில் இளையவர்கள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோரே அதிக ஆர்வம் காட்டினார்கள். அவர்கள் ஒதுங்கியிருந்ததற்குக் காரணம் அக்கறையின்மை இல்லை. உண்மையாகக் கேட்பார்கள் என்ற நம்பிக்கை இல்லாததுதான். நாம் முன்னே சொன்ன அந்த அக்காவும் அப்படித்தான்.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, ஆட்களைத் தேர்ந்தெடுப்பது. இனி எந்தப் பிரதிநிதியைப் பார்க்கப் போனாலும், அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் மட்டும் போகக் கூடாது. யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று யாரையும் கேட்கவும் கூடாது; அது அவரவர் ரகசியம். சம்பந்தப்பட்ட எல்லாத் தெருவிலும் விருப்பமுள்ளவர்களின் பெயரைச் சீட்டில் எழுதி, குலுக்கி எடுத்தால் போதும். எல்லாத் தரப்பும் தானாக வந்துவிடும். சபைக்கு ஆள் எடுக்கக் குடவோலை போட்ட நாடு இது, நமக்குப் புதிதில்லை. பாதிச் சீட்டு பெண்களுக்கு. மில் ஷிப்டு முடிகிற நேரம் பார்த்துக் கூட்டத்தை வையுங்கள்.

இரண்டாவது, ஒரே பக்கத்தில் மனு. என்ன குறை, எப்போதிலிருந்து, எந்தத் துறை, என்ன கேட்கிறோம். நமக்குள் கருத்து வேறுபாடு இருந்தால் அதையும் எழுதுங்கள், மறைக்காதீர்கள். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. காட்டுப்பன்றியும் யானையும் தோப்புக்குள் வந்து அழிக்கின்றன என்பது அடிவாரத்து விவசாயியின் வேதனை. காடு இருந்தால்தான் அய்யனார் கோவில் ஆற்றில் தண்ணீர், அந்த ஆறு இருந்தால்தான் ராஜபாளையத்துக்குக் குடிநீர் என்பது இன்னொருவர் கவலை. செண்பகத்தோப்புப் பளியர் மக்களுக்கு மூன்றாவதாக ஒரு பார்வை இருக்கும். மூன்றும் நியாயம். ஒன்றை மட்டும் கேட்டு முடிவெடுக்கிற பிரதிநிதி மற்ற இருவரிடமும் கெட்ட பெயர் வாங்குவார். மூன்றையும் ஒரே நாளில், ஒரே அறையில் அவர் கேட்கும்படி செய்தால், நாம் அவருக்கும் உதவி செய்கிறோம்.

மூன்றாவது, கூட்டத்தில் ஒழுங்கு. சால்வை வேண்டாம், மாலை வேண்டாம், கட்சித் துண்டு வேண்டாம். ஒருவருக்கு மூன்று நிமிடம். பிரதிநிதி பதில் சொல்லும்போது குறுக்கே பேசக் கூடாது. "முடியாது" என்று அவர் சொன்னால், ஏன் முடியாது என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். காரணத்தோடு சொன்ன "முடியாது" நமக்குப் பயன்படும். "பாத்துக்கலாம்" பயன்படாது.

நான்காவது, திரும்பி வந்து சொல்வது. இதைத்தான் நாம் இதுவரை செய்ததே இல்லை. மனுவில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு, அவர் என்ன சொன்னார் என்பதை அதே வாரத்தில் தெருவில் நின்று படித்துக் காட்ட வேண்டும். மூன்று மாதம் கழித்து என்ன நடந்தது என்று இந்த இதழில் எழுத வேண்டும். நடந்ததற்கு நன்றி சொல்வோம், நடக்காததை மறுபடி கேட்போம். கோப்பு எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.

ஒரு கேள்விக்குப் பதில்

இதை நிர்வாகக் குழுவில் பேசியபோது ஒரு சகோதரர் எழுந்து கேட்டார்: "நம்ம சமுதாயத்துக்கு எதிராப் பேசுற கட்சிக்காரங்களையும் நம்ம மையத்துல உக்கார வைக்கணுமா?"

நியாயமான கேள்வி. அவர் மனதில் உள்ள காயம் நம் எல்லோருக்கும் உண்டு. நம் பதில் இதுதான். வெறுப்புப் பேச்சுக்கு நம் மையம் மேடை தராது. ஆனால் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர் நம் அடுத்த வீட்டுக்காரர். அவர் வீட்டிலும் முதியோர் ஓய்வூதியம் நின்றுபோகிறது. அவர் மகளுக்கும் சாதிச் சான்றிதழ் கிடைக்கத் தாமதமாகிறது. அந்த மனுவை எழுதிக் கொடுப்பதால் நாம் அவர் கருத்தை ஏற்றுக்கொண்டதாகாது. கேட்பது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. அவர் குறையை அவரும் நம் குறையை நாமும் தனித்தனியாகக் கொண்டு போனால், பிரதிநிதியின் கண்ணுக்கு நாம் இரண்டு ஓட்டு மூட்டைகளாகத்தான் தெரிவோம். சேர்ந்து போனால்தான் ஒரு தெருவாகத் தெரிவோம். ஒரு மனுவுக்காகப் பக்கத்தில் உட்கார்ந்தவர், நாளை நம்மைப் பற்றித் தவறாக ஒருவர் பேசும்போது "அப்படியில்ல, எனக்குத் தெரியும்" என்று சொல்லவும் வாய்ப்பிருக்கிறது. சொல்வார் என்று உறுதி கொடுக்க முடியாது. வாய்ப்பை நாம் உண்டாக்கலாம்.

மஷூரா நமக்குப் பழக்கமான வார்த்தை. பெரியவர் சிறியவர் எல்லோரிடமும் கலந்து பேசி முடிவெடுக்கச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒத்த கருத்துள்ள நாலு பேர் கூடித் தலையாட்டுவதற்குப் பெயர் மஷூரா இல்லை.

ஆகவே நாங்கள் எடுத்த முடிவு

நம் அறக்கட்டளையும் சேவை மையங்களும் எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்காது, எந்தக் கட்சிக்கு எதிராகவும் அறிக்கை விடாது. நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் விருப்பப்படி எந்தக் கட்சியிலும் இருக்கலாம், வேலை பார்க்கலாம். மையத்து நாற்காலியில் உட்காரும்போது மட்டும் துண்டைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள்.

தேர்தலுக்கு முன் இரண்டு ஊரிலும் தெருத்தெருவாகக் கேட்டு, தொகுதிக்குப் பத்துக் கோரிக்கைகளை எழுதுவோம். போட்டியிடும் எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே தாளைக் கொடுப்போம். ஜெயித்தவர் யாராக இருந்தாலும் அதே தாளோடு, குலுக்கலில் வந்த அதே ஆட்களோடு போவோம். தோற்றவருக்கும் ஒரு நகல் கொடுப்போம். நாளைக்கு அவரும் ஜெயிக்கலாம்.

இன்று வாசலில் வைத்திருக்கும் நோட்டில் உங்கள் தெருப் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். உங்களோடு சேர்ந்து கேட்க, உங்கள் கட்சியில் இல்லாத ஒருவரை அடுத்த கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். முடிந்தால் இன்று மாலையே அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

நம் முயற்சியை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.